சாம்பல் நிறத்தில் ஒளிந்திருக்கும் சிவப்பு



இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கா தன் போர் விமானங்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்த் திறந்த வெளிகளில் நிறுத்தியது. அரிசோனா மாநிலத்தின் கிங்மேனில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை நின்றன. ஆர்கன்சா மாநிலத்தின் வால்நட் ரிட்ஜ் இன்னொரு பெரிய கிடங்கு. எஞ்சின்களைக் கழற்றினார்கள், இறக்கைகளை வெட்டினார்கள், உடலை உலையில் போட்டு அலுமினியக் கட்டிகளாக வார்த்தார்கள். அந்த விமானங்கள் பலவற்றின் மூக்குப் பகுதியில், விமானி அறைக்கு அருகில், ஒரு படம் இருந்தது. நீச்சலுடைப் பெண், சீறும் டிராகன், கார்ட்டூன் முயல், சொந்த ஊரின் பெயர், காதலியின் பெயர். நோஸ் ஆர்ட் என்று உலகம் அழைக்கும் இந்த முகப்பு ஓவியங்களில் பெரும்பாலானவை உலோகத்தோடு சேர்ந்து உருகிப்போயின. மிஞ்சியவை புகைப்படங்கள். அவற்றிலும் பெரும்பாலானவை கறுப்பு-வெள்ளை.

அந்தப் புகைப்படங்களை மட்டும் நம்பி அந்த ஓவியங்களை மறுபடி வரைபவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எந்த இடத்தில் சறுக்க வாய்ப்பு அதிகம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் இன்றைய உரையின் பொருள். இந்தத் துறையில் முதல் கேள்வி நிறத்தைப் பற்றியது அல்ல. எந்த விமானம், எந்த நாள் என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் தூரிகையைத் தொடுபவர் அழகான ஒரு படத்தை வரைந்துவிடலாம். வரலாற்றுக்கு அதனால் நன்மை இல்லை.

முகப்பு ஓவியம் என்பது பொழுதுபோகாத வீரர்களின் கிறுக்கல் என்று நினைப்பவர்கள் உண்டு. எண்களைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்காவின் எட்டாவது வான்படையில் மட்டும் சுமார் 26,000 பேர் மாண்டார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் 55,573 பேர். 1943-ல் 25 பயணங்களை முடித்தால் ஊர் திரும்பலாம் என்பது அமெரிக்கக் குண்டுவீச்சுக் குழுக்களுக்கு இருந்த கணக்கு. அந்த 25-ஐ எட்டாதவர்கள் ஏராளம். ஒரே அச்சில் வார்த்ததுபோல் தொழிற்சாலையிலிருந்து வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் ஒன்றை ‘இது நம்முடையது’ என்று சொல்லிக்கொள்ள, இருபது வயதுகூட நிரம்பாத பலருக்கு ஒரு பெயரும் ஒரு படமும் தேவைப்பட்டன.

சில சமயம் அந்தப் படம் விதியோடு போட்ட பந்தயமாகவே இருந்தது. பிரிட்டிஷ் வான்படையின் 158-வது ஸ்குவாட்ரனில் ‘எஃப்’ என்ற அடையாள எழுத்தைத் தாங்கிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைந்துகொண்டிருந்தன. 1944-ல் எல்வி907 என்ற ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் அந்த எழுத்தோடு வந்தபோது, அதை ஏற்ற குழு அபசகுனத்தை அபசகுனத்தாலேயே முறிக்க முடிவு செய்தது. விமானத்துக்கு ‘13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை’ என்று பெயர் வைத்து, தலைகீழான குதிரை லாடத்தையும் கதிர் அரிவாளையும் அதன் மூக்கில் வரைந்தார்கள். அந்த விமானம் 128 முறை போய்த் திரும்பியது. போருக்குப் பின் அதையும் உடைத்துவிட்டார்கள். ஆனால் படம் வரைந்த தகடு தப்பி, இன்று லண்டனில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார்க்‌ஷயரின் எல்விங்டனில் மீட்டுக் கட்டப்பட்ட ஹாலிஃபாக்ஸ், அந்த ஓவியத்தின் மறுபதிப்பைத் தன் மூக்கில் தாங்கி நிற்கிறது. மூலத்தகடு கையில் இருப்பதால் அதை வரைந்தவர்களுக்கு வேலை எளிது. அந்தப் பேறு கிடைப்பது அபூர்வம்.

இந்த மரபு இரண்டாம் உலகப் போரில் திடீரென்று முளைத்ததும் அல்ல. முதல் உலகப் போரில் இத்தாலிய விமானி ஃபிரான்செஸ்கோ பராக்கா தன் விமானத்தின் பக்கவாட்டில் தாவும் குதிரையைத் தீட்டியிருந்தார். பின்னாளில் ஃபெராரி கார்களின் சின்னமானது அந்தக் குதிரைதான். 1941-ல் பர்மாவிலும் சீனாவிலும் பறந்த அமெரிக்கத் தன்னார்வக் குழுவின் பி-40 விமானங்களில் இருந்த சுறா வாய் இன்னும் புகழ்பெற்றது. அதன் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிப்போனால் வட ஆப்பிரிக்காவில் பறந்த பிரிட்டனின் 112-வது ஸ்குவாட்ரனுக்கு வருகிறோம். அவர்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 110 பிரிவு அதே வாயை வரைந்திருந்தது. 112-வது ஸ்குவாட்ரனின் விமானங்களைப் பத்திரிகைப் படத்தில் பார்த்துத்தான் அமெரிக்கர்கள் தங்கள் விமானங்களில் வரைந்தார்கள். அச்சில் வந்த புகைப்படத்தைப் பார்த்து விமானத்தில் வரைவது அன்றே நடந்திருக்கிறது.

யார் வரைந்தார்கள்? பெரும்பாலும் தரைப்பணியாளர்கள். இங்கிலாந்தின் பாசிங்பர்னில் இருந்த 91-வது குண்டுவீச்சுப் பிரிவில் டோனி ஸ்டார்சர் என்ற கார்ப்பொரல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு முகப்பு ஓவியம் தீட்டினார். சஃபோக் மாவட்டத்தின் சட்பரியில் ஃபில் பிரிங்க்மன் என்பவர் 834-வது ஸ்குவாட்ரனின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களுக்கு மேஷம் தொடங்கி மீனம் வரை ராசிச் சின்னங்களை வரைந்தார். அந்த ஸ்குவாட்ரனுக்கே ‘ஸோடியாக்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. லங்காஸ்டர் ஆர்5868 என்ற விமானத்தில், எதிரி விமானம் எதுவும் ஜெர்மன் மண்ணின் மேல் பறக்காது என்று ஜெர்மன் வான்படைத் தளபதி ஹெர்மன் கோயரிங் அடித்த சவடாலை எழுதி வைத்தவர் ஓர் எஞ்சின் ஃபிட்டர். அந்த வாசகத்துக்கு மேலே வரிசை வரிசையாகக் குண்டுச் சின்னங்கள், ஒவ்வொன்றும் ஜெர்மனி மீதோ அது பிடித்து வைத்திருந்த நாடுகள் மீதோ பறந்த ஒரு பயணம். இப்படி வரைந்தவர்களில் சிலரின் பெயர்தான் நமக்குத் தெரிந்தது. பலர் கையெழுத்துப் போடவில்லை, போட்டவர்களின் கையெழுத்தும் உலைக்குள் போய்விட்டது.

இனி ஆய்வு நடக்கும் விதத்துக்கு வருவோம்.

ஒரு பழைய படம் மேசைக்கு வருகிறது. விமானத்தின் மூக்கு, அதில் ஒரு பெண், ஒரு பெயர், கீழே தோளில் கை போட்டு நிற்கும் பத்து வீரர்கள். பெயரை வைத்து விமானத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். அது முதல் பொறி. ஒரே பெயரைப் பல விமானங்கள் தாங்கின. அன்றைய பிரபலமான பாட்டின் பெயர், திரைப்படத்தின் பெயர், ஊரின் பெயர் எல்லாம் பல தளங்களில் ஒரே நேரத்தில் உலவின. எனவே தேட வேண்டியது பதிவெண். அமெரிக்க விமானங்களில் வால் துடுப்பில் அது பெரிய எண்களில் இருக்கும். 41-24485 என்ற பதிவெண் வாலில் 124485 என்று வரும், ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிடுவார்கள். மூக்கை மட்டும் எடுத்த படத்தில் வால் தெரியாது. அப்போது விமானி அறைக்குக் கீழே இடப்பக்கத்தில் பொடி எழுத்தில் மாடலும் பதிவெண்ணும் எழுதியிருக்கும் பட்டியைத் தேட வேண்டும். அது மங்கியிருந்தால் உடலில் உள்ள ஸ்குவாட்ரன் குறி உதவும். 91-வது பிரிவில் டிஎஃப் என்றால் 324-வது ஸ்குவாட்ரன், எல்எல் என்றால் 401-வது ஸ்குவாட்ரன். இவற்றை அந்தப் பிரிவின் பயணப் பதிவேடுகளோடு ஒத்துப்பார்த்தால், படத்தில் நிற்கும் பத்துப் பேர் யார் என்பதுகூடத் துலங்கிவிடும்.

அடுத்தது தேதி. இங்கே படமே சாட்சி சொல்லும். அமெரிக்க விமானங்களின் நட்சத்திரச் சின்னத்தின் நடுவில் இருந்த சிவப்பு வட்டத்தை 1942 மே மாதத்தில் நீக்கினார்கள், ஜப்பானியச் சின்னம் என்று சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. 1943 கோடையில் நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன, சுற்றிலும் சிவப்பு ஓரம் வந்தது. சில மாதங்களிலேயே அந்த ஓரம் நீலமானது. ஆகவே நட்சத்திரத்துக்குப் பட்டை இருக்கிறதா என்று பார்த்தாலே படத்தின் காலத்தை ஓரளவு கட்டிப்போட்டுவிடலாம். அதைவிடக் கூர்மையான சாட்சி, ஓவியத்துக்குப் பக்கத்தில் உள்ள குண்டுச் சின்னங்கள். ஒரு பயணம் முடிந்தால் ஒரு குண்டு. பதினேழு குண்டுகள் இருந்தால், பதினேழாவது பயணத்துக்கும் பதினெட்டாவதுக்கும் இடையில் எடுத்த படம். பயணப் பதிவேட்டைத் திறந்தால் அந்த இடைவெளி சில நாட்களாகச் சுருங்கிவிடும்.

தேதிக்கு இத்தனை மெனக்கெடுவது ஏன் என்று கேட்கலாம். நாகசாகி மீது அணுகுண்டு வீசிய பி-29 விமானம் பாக்ஸ்கார் இன்று ஒஹையோ மாநிலத்தின் டேட்டனில், அமெரிக்க வான்படையின் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சிறகு முளைத்த ரயில் பெட்டியின் படம் அதன் மூக்கில் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 9 அன்று அந்தப் படம் அதில் இல்லை. குண்டு வீசித் திரும்பிய பிறகுதான் வரைந்தார்கள். அன்றைய காட்சியை வரையும் ஓவியர், இன்று நிற்கும் விமானத்தைப் பார்த்து வரைந்தால், நடக்காத ஒன்றை வரலாற்றில் சேர்த்துவிடுவார். அந்தக் காலைப் பொழுதில் இறந்தவர்களை நினைத்தால் இது சின்னத் தவறு ஆகாது.

உருவத்தை மீட்பதில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. படம் எடுத்தவர் தரையில் நின்று அண்ணாந்து எடுத்திருப்பார். விமானத்தின் மூக்கு வளைவானது. எனவே படத்தில் பெண்ணின் கால்கள் நீண்டும் தலை சுருங்கியும் தெரியும். அதை அப்படியே பிரதி எடுத்தால் பிழை இரட்டிப்பாகும். இங்கே கைகொடுப்பவை ரிவெட்டுகளும் தகடுகள் சேரும் இணைப்புக் கோடுகளும். ஒரே வகை விமானத்தில் அவை ஒரே இடத்தில் இருக்கும். தொழிற்சாலை வரைபடத்திலிருந்தோ அருங்காட்சியகத்தில் நிற்கும் அதே வகை விமானத்திலிருந்தோ அவற்றின் இடைவெளியை அளந்துகொள்ளலாம். பெண்ணின் முழங்கை எந்த ரிவெட் வரிசையைத் தொடுகிறது, பெயரின் முதல் எழுத்து எந்த இணைப்புக் கோட்டுக்கு எத்தனை விரற்கடை தள்ளி நிற்கிறது என்று ஒவ்வொரு புள்ளியாகக் குறித்துக்கொண்டே போனால், ஓவியத்தின் உண்மையான அளவும் சாய்வும் வெளிவரும். நம் ஊரில் சினிமா பேனர் வரைந்தவர்கள் ஒரு ஸ்டில் படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிதாகத் துணியில் போட்டு முகத்தை ஏற்றினார்களே, அதே வழி. இங்கே கட்டங்களை விமானத் தொழிற்சாலையே போட்டு வைத்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இன்னொரு சிறு எச்சரிக்கை. நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடித்த படங்கள் ஏராளம். பெயர் எழுதியிருந்தால் உடனே தெரிந்துவிடும். பெயர் இல்லாத, படம் மட்டும் உள்ள விமானத்தில் இடம் வலமாகிவிடும். சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், தோளில் உள்ள பட்டை என்று நிற்கும் வீரர்களின் உடையைப் பார்த்துத்தான் அதைச் சரிசெய்ய முடியும்.

இப்போது நிறம். ஒரு கறுப்பு-வெள்ளைப் படத்தில் ஒரு நீச்சலுடை நடுத்தரச் சாம்பலாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சிவப்பா, நீலமா, பச்சையா? பதில் முதலில் ஃபிலிமைப் பொறுத்தது. ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற வகை ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், மஞ்சளும் இருண்டுவிடும், நீலம் வெளிறிப்போகும். பேன்குரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் உணரும். ஆனால் அதில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலில் வந்து நிற்கலாம். லென்சுக்கு முன்னால் மஞ்சள் ஃபில்டர் போட்டிருந்தால் நீலம் இன்னும் கறுத்துவிடும். எந்த ஃபிலிம் என்பதைப் படத்துக்குள்ளேயே சோதித்துவிடலாம். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தில் நடுவில் சிவப்பு, வெளியே நீலம், ஓரத்தில் மஞ்சள் வளையம் என்பது நமக்குத் தெரியும். அந்த மஞ்சள் வளையம் படத்தில் கரியாகத் தெரிந்தால் அது ஆர்த்தோ ஃபிலிம். நிறம் தெரிந்த ஒன்றை வைத்து நிறம் தெரியாததை அளப்பதே இந்த வேலையின் இலக்கணம்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. மெம்ஃபிஸ் பெல் என்ற பி-17 குண்டுவீச்சு விமானம் அதற்குச் சரியான உதாரணம். ராபர்ட் மார்கன் என்ற விமானி, மெம்ஃபிஸ் நகரத்தில் இருந்த தன் காதலி மார்கரெட் போல்க்கின் நினைவாக வைத்த பெயர் அது. எஸ்குயர் பத்திரிகையின் 1941 ஏப்ரல் இதழில் ஜார்ஜ் பெட்டி வரைந்திருந்த, தொலைபேசியில் பேசும் பெண்ணைப் பார்த்து டோனி ஸ்டார்சர் விமானத்தின் இரு பக்கமும் வரைந்தார். இடப்பக்கம் நீல நீச்சலுடை, வலப்பக்கம் சிவப்பு. கறுப்பு-வெள்ளைப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை வரைந்திருந்தால், இரண்டும் ஒரே நிறமாகிவிட்டிருக்கும். இந்த விமானத்துக்கு அப்படி நேரவில்லை. வில்லியம் வைலர் என்ற ஹாலிவுட் இயக்குநர் 16 மில்லிமீட்டர் வண்ண ஃபிலிமில் குண்டுவீச்சுப் பயணங்களைப் படம் எடுத்தார், 1944-ல் அது இந்த விமானத்தைப் பற்றிய ஆவணப்படமாகவும் வெளிவந்தது. வண்ணத்துக்குச் சாட்சி இருந்தது. அதோடு விமானமே தப்பியது. 1946-ல் மெம்ஃபிஸ் நகரம் அதை 350 டாலருக்கு வாங்கி, பல ஆண்டுகள் வெட்டவெளியில் நிறுத்தியிருந்தது. 2005-ல் டேட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய், நீண்ட சீரமைப்புக்குப் பின், அதன் குழு 25-வது பயணத்தை முடித்து சரியாக 75 ஆண்டுகள் ஆன 2018 மே 17 அன்று மக்கள் பார்வைக்கு வந்தது.

மூலப் பத்திரிகையைக் கண்டுபிடிப்பதும் பெரிய துணை. ஜார்ஜ் பெட்டியும் அல்பெர்ட்டோ வர்காஸும் எஸ்குயரில் வரைந்த பெண்கள், காமிக் துணுக்குகளின் பாத்திரங்கள், டிஸ்னி கதாபாத்திரங்கள் என்று ஓவியர்கள் எடுத்தாண்டவை நமக்குத் தெரியும். போர்க்காலத்தில் டிஸ்னி நிறுவனமே படைப்பிரிவுகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னங்களை வரைந்து கொடுத்தது. மூல அச்சுப்படம் கிடைத்தால் கோடும் நிறமும் ஒருசேரக் கிடைக்கும். ஆனாலும் தளத்தில் இருந்த ஓவியர் கையில் என்ன பெயின்ட் கிடைத்ததோ அதைத்தான் பூசியிருப்பார். சின்னம் வரையும் சிவப்பு, நீலம், வெள்ளை, எச்சரிக்கைக் குறிக்கான மஞ்சள், கறுப்பு, விமான உடலுக்கான ஆலிவ் பச்சை. இவற்றைக் கலந்துதான் தோலின் நிறம்கூட வந்தது. பத்திரிகையில் இளஞ்சிவப்பாக இருந்த உடை விமானத்தில் வெள்ளையாக மாறியிருக்க இடம் உண்டு. மூலப்படம் ஒரு துப்பு. தீர்ப்பைப் புகைப்படம்தான் சொல்ல வேண்டும்.

முன்னாள் வீரர்களின் நினைவும் அப்படித்தான். அவர்கள் சொல்வதைக் கேட்காமல் இந்த வேலையைச் செய்வது மரியாதைக் குறைவு. ஆனால் ஒரே விமானத்தில் பறந்த இருவர் ஒரே உடைக்கு இரண்டு நிறம் சொல்வதும் நடக்கும். இருவர் சொன்னதையும் குறித்து வைத்துக்கொண்டு படத்தின் சாம்பலோடு பொருத்திப் பார்ப்பதே முறை.

இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கறுப்பு-வெள்ளைப் படம் வண்ணமாகிவிடுகிறது. அந்த மென்பொருள் தான் பார்த்துப் பழகிய கோடிக்கணக்கான படங்களின் வழக்கத்தை வைத்து நிறத்தை ஊகிக்கிறது. 1943-ல் பாசிங்பர்னில் ஸ்டார்சரின் டப்பாவில் என்ன பெயின்ட் இருந்தது என்பது அதற்குத் தெரியாது. அது தரும் படம் பார்க்க இதமாக இருக்கும். ஆதாரம் என்ற வரிசையில் அதை வைக்கக் கூடாது. அப்படி வைத்தால், நாளை இன்னொருவர் அதே படத்தை மூலமென்று நம்பி வரைவார். பத்து ஆண்டுகளில் பிழையே சம்பிரதாயமாகிவிடும்.

மறுபடி வரைவதில் நேர்மை எங்கே இருக்கிறது என்பதற்கு ஷூ ஷூ ஷூ பேபி என்ற பி-17 ஒரு பாடம். இதுவும் ஸ்டார்சர் வரைந்ததே. முதலில் பெயரில் இரண்டு ஷூதான். வேறொரு விமானி பொறுப்பேற்றபோது மூன்றாவது சேர்ந்தது. 1944 மே மாதத்தில் அது சுவீடனின் மால்மோவில் தரையிறங்கியது. பிறகு டென்மார்க்கில் பயணிகள் விமானமாகவும் பிரான்சில் நில அளவைப் படம் எடுக்கவும் உழைத்து, அமெரிக்கா திரும்பியது. 1978 முதல் பத்தாண்டு சீரமைத்தார்கள். போரில் அது பெயின்ட் பூசாத அலுமினிய நிறத்தில் பளபளத்த விமானம். சீரமைப்பில் ஒட்டுப்போட்ட தகடுகள் வெளியே தெரிந்ததால் ஆலிவ் பச்சை பூசிவிட்டார்கள். ஓவியத்தின் பின்புலமே மாறிவிட்டது. வெள்ளி உடலில் நிழல்போல் விழுந்த கோடு, பச்சை உடலில் வேறு கதை சொல்லும். அந்த முடிவுக்குப் பொறியாளர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது. பார்வையாளருக்கு அதைச் சொல்லிவிட்டால் குறையில்லை. சொல்லாமல் விட்டால்தான் குறை.

நம் நாட்டோடு நேரடித் தொடர்புள்ள கதை ஒன்றும் உண்டு. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் வான்படை தன் லிபரேட்டர் விமானங்களைக் கான்பூரில் கைவிட்டு, இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்று வேண்டுமென்றே சிதைத்துவிட்டுப் போனது. பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் அவற்றை ஒட்டுப்போட்டு எழுப்பியது. அதன் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிவந்தார். இந்திய விமானப்படையில் 1968 வரை அவை பறந்தன. இன்று உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் பல இந்தியாவில் தப்பியவை. அவற்றில் ஒன்று, 44-44052 என்ற பதிவெண் கொண்டது, இங்கிலாந்து வழியாக அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்குப் போய் 1989-ல் மறுபடி பறந்தது. அதன் மூக்கில் சில காலம் ‘ஆல் அமெரிக்கன்’ என்ற ஓவியம் இருந்தது. பிறகு ‘டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்’. 43-வது குண்டுவீச்சுப் பிரிவில் சார்கிஸ் பார்டிகியன் என்பவர் ஒரு லிபரேட்டரின் மூக்கிலிருந்து வால் வரை நீட்டி வரைந்த டிராகனின் மறுபதிப்பு அது. மூல விமானம் கிங்மேனில் உடைந்தது. புகைப்படங்கள்தான் அந்த டிராகனை மீட்டன. பிறகு அதுவும் மாறி, 130 பயணங்களை முடித்த ‘விட்ச்கிராஃப்ட்’ என்ற விமானத்தின் பெயர் அந்த மூக்குக்கு வந்தது.

கான்பூரில் மடிந்திருக்க வேண்டிய ஒரு விமானம், பசிபிக்கில் பறந்த ஒன்றின் டிராகனையும் இங்கிலாந்தில் பறந்த ஒன்றின் பெயரையும் சுமந்தது. இது அஞ்சலி. அந்த விமானம் ஒருநாளும் அந்த ஓவியத்தோடு போரில் பறக்கவில்லை என்ற உண்மையை அஞ்சலியோடு சேர்த்துச் சொல்வதே ஆய்வாளரின் கடமை.

எல்லாமே உருகிவிடவில்லை என்பதற்கும் மனிதர்கள்தான் காரணம். வால்நட் ரிட்ஜில் உடைப்பு வேலையைக் கவனித்த மினோட் பிராட், நல்ல ஓவியங்கள் கண்ணில் பட்டபோது அந்தத் தகடுகளைக் கோடாரியால் வெட்டி எடுக்கச் சொன்னார். முப்பதுக்கும் மேற்பட்ட அந்தத் தகடுகள் இன்று டெக்சாஸில் பாதுகாப்பாக இருக்கின்றன. கனடாவின் வான்படை அதிகாரி ஹரால்ட் லிண்ட்சே 1945-ல் யார்க் நகரத்துக்கு அருகில் உடைபட்டுக்கொண்டிருந்த ஹாலிஃபாக்ஸ்களிலிருந்து ஓவியத் தகடுகளைத் தேர்ந்து ஊருக்கு அனுப்பினார். அவை ஒட்டாவாவின் கனடியப் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. புகைப்படங்களிலிருந்து வரைபவர்களுக்கு இந்தத் தகடுகள் பள்ளிக்கூடம். தூரிகை எவ்வளவு தடித்தது, பெயின்ட் எத்தனை பூச்சு, கோட்டின் ஓரம் எப்படி முடிகிறது என்பதை அவற்றில்தான் படிக்க முடியும். கனடிய ஆய்வாளர் கிளாரன்ஸ் சைமன்சன் இன்னொரு படி போனார். நார்வேயின் மியோசா ஏரியிலிருந்து 1995-ல் தூக்கி எடுத்த ஹாலிஃபாக்ஸ் என்ஏ337-ன் பழைய உலோகத் தகடுகளிலேயே அவர் மறுபதிப்புகளை வரைந்திருக்கிறார். கித்தானில் வரைந்த படத்துக்கும் ரிவெட் தலைகள் புடைத்து நிற்கும் அலுமினியத்தில் வரைந்த படத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணால் பார்த்தால்தான் புரியும். தூரிகை ரிவெட்டில் ஏறி இறங்கும்போது கோடு சற்றே நெளிகிறது. பழைய படங்களில் தெரியும் நெளிவும் அதுவே.

சங்கடமான ஒரு கேள்வியையும் தாண்டிப் போகக் கூடாது. இந்த ஓவியங்களில் பல, பெண்ணை வெறும் உடலாகப் பார்த்தவை. எதிரி இனத்தை இழிவுபடுத்திய படங்களும் உண்டு. 1993-ல் அமெரிக்க வான்படை, முகப்பு ஓவியங்கள் இருபாலருக்கும் பொதுவாக அமைய வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று பறக்கும் படைக்கு அது சரியான முடிவு. ஆனால் 1944-ல் வரைந்ததை மறுபடி வரைபவர், இன்றைய கூச்சத்துக்காக ஒரு துணியைச் சேர்த்தால் ஆவணத்தைத் திருத்துகிறார். போர்க்காலத்திலேயே சில விமானங்கள் தாய்நாடு திரும்பும்போது அந்தப் பெண்களுக்கு ஆடை பூசினார்கள். அந்தப் பூச்சுக்கும் ஒரு தேதி உண்டு, அதுவும் வரலாறுதான். இருந்ததை இருந்தபடி வரைந்து, பக்கத்தில் அதன் பொருளை எழுதி வைப்பதே நேர்மையான வழி. எதை எங்கே மாட்டுவது, குழந்தைகள் வரும் கூடத்தில் எதைத் தவிர்ப்பது என்பதை அருங்காட்சியகம் முடிவு செய்யட்டும்.

முடிக்கும் முன் நம் மண்ணுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் போர் நம் வாசலிலும் நடந்தது. பரங்கிமலைத் தளத்தில் லிபரேட்டர்கள் நின்றன. சூலூர், சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகிய இடங்களில் ஓடுபாதைகள் எழுந்தன. இலங்கையில் காங்கேசன்துறையிலும் சிகிரியாவிலும் லிபரேட்டர்கள் இருந்தன. 1944 ஆகஸ்டில் பி-29 விமானங்கள் திருகோணமலையின் சீனக்குடாவிலிருந்து கிளம்பிச் சுமாத்திராவின் பாலெம்பாங் வரை போய்க் குண்டுவீசித் திரும்பின. இந்தத் தளங்களில் தமிழர்கள் மண் சுமந்தார்கள், சமைத்தார்கள், கணக்கு எழுதினார்கள். அருகிலிருந்த ஊர்களில் ஸ்டுடியோக்கள் இருந்தன.

ஆகவே தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு விமானம் தெரியும் படம் கிடைத்தால், அதைச் சட்டத்துக்கு அடக்கமாக ஓரம் வெட்டாதீர்கள். ஓரத்தில் தெரியும் அரை எழுத்துதான் ஸ்குவாட்ரன் குறியாக இருக்கும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் எழுத்து, தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். வண்ணம் ஏற்றாத, திருத்தாத ஸ்கேனைப் பெரிய அளவில் அப்படியே சேமியுங்கள். நெகட்டிவ் இருந்தால் அதை அச்சுப் படத்தைவிட மேலாகப் பாதுகாத்திடுங்கள். படத்தில் யார் யார் இருக்கிறார்கள், எந்தத் தளம், யார் சொல்லி உங்களுக்குத் தெரியும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கையில் நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகம் ஒன்றை அணுகுங்கள். தென்கிழக்காசியப் போர்முனையில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து சிவப்பை நீக்கியிருந்தார்கள் என்பதால், இங்கே எடுத்த படங்களை ஐரோப்பியப் படங்களைப்போல் படிக்க முடியாது. இந்தப் பக்கத்துப் படங்கள் நிறைய சேர்ந்தால்தான் இங்கே பறந்த விமானங்களின் ஓவியங்களுக்கு நிறம் சொல்ல முடியும்.